ரியாக்டிவ் சாயத் தண்ணீருக்குக் கட்டக்கோரைப் பாசி உதவுமா?

கேள்வி: குசஸ்தலைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நகரிக்கு அருகே, ஆந்திர எல்லைக்கு உள்ளே, எங்கள் குடும்பம் ஒரு சிறிய சாயப்பட்டறையை நடத்திவருகிறது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கணக்குப் புத்தகத்தில் இரண்டும் என்று வாழும் ஊர் எங்களுடையது. இங்குள்ள விசைத்தறிகளுக்கும், எல்லையைத் தாண்டிப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்துத் தறிகளுக்கும் சிட்ட நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிறோம். வேலை இருக்கும் நாளில் ஏறத்தாழ 100 கிலோ நூல் தொட்டியில் இறங்கும். பெரும்பகுதி, நூலோடு வேதியியலாகப் பிணையும் ரியாக்டிவ் சாயம். சாயம் போகவே கூடாது என்று கேட்பவர்களுக்கு மட்டும், கரையாத துகளாக நூலுக்குள் தங்கும் வாட் சாயம்.

ஊரார் "ரங்கு நீள்ளு" என்று சொல்லும் எங்கள் கழிவுநீர், பட்டறைக்குப் பின்னால் உள்ள சிமெண்டுத் தொட்டியில் விழுந்து வெயிலில் காய்கிறது. சித்திரை, வைகாசியில் தொட்டி தாக்குப்பிடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பி வழிந்து, ஓடை வழியாகச் சிவப்பும் நீலமுமாக ஆற்றை நோக்கிப் போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஆறு கொசஸ்தலையில் கலந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. சென்னையில் குடியிருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வசதி எங்களிடம் இல்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடவும் மனம் ஒப்பவில்லை.

கடற்பாசிப் பொடி சாயத் தண்ணீரிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நிறத்தை எடுத்துவிடும் என்று சில ஆய்வுச் செய்திகளைப் படித்தேன். இராமநாதபுரம் பக்கத்து வியாபாரி ஒருவர் காய்ந்த கட்டக்கோரைப் பாசியை (சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி) மூட்டை கணக்கில் அனுப்பத் தயாராக இருக்கிறார். இது எங்கள் தண்ணீரில் வேலை செய்யுமா? 100 கிலோ நூலின் தண்ணீருக்கு எவ்வளவு பாசி வேண்டியிருக்கும்? பாசி வேண்டாம் என்றால், எங்கள் பக்கத்தில் மாம்பழக்கூழ் ஆலைகளின் மாங்கொட்டையும், நிலக்கடலைத் தொலியும், அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் எது உதவும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.


மறுமொழி: ஆய்வகமேசை

ஐயா, வணக்கம். நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். மாணவர்களோடு சேர்ந்து, ஒரு பொருளின் பரப்பில் சாயத்தை ஒட்டவைத்து நீக்கும் பரப்புக் கவர்ச்சிச் சோதனைகள் பல செய்திருக்கிறேன். நீங்கள் படித்த "தொண்ணூறு விழுக்காடு" பொய்யில்லை, ஆனால் அது உங்கள் தண்ணீரைப் பற்றியதும் இல்லை. அந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை, கிரிஸ்டல் வயலெட் போன்ற சாயங்களைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் செய்யப்பட்டவை. இவை பேசிக் சாயங்கள் என்னும் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரில் கரைந்தவுடன் இவற்றின் நிறம் தாங்கிய பகுதி நேர்மின்னேற்றம் பெறுகிறது.

கட்டக்கோரை, பக்கோடாப் பாசி போன்ற பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் அல்ஜினிக் அமிலம் நிறைய இருக்கிறது. அதன் கார்பாக்சில் தொகுதிகளும், கூடவே இருக்கும் ஃபியூகாய்டானின் சல்பேட் தொகுதிகளும் தண்ணீரில் எதிர்மின்னேற்றம் கொண்டு நிற்கின்றன. நேர்மின் சாயம் எதிர்மின் பாசியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. ஒரு கிராம் பாசி நூறு, இருநூறு மில்லிகிராம் மெத்திலீன் நீலத்தைப் பிடித்துவைப்பதாகக் கூடப் பதிவுகள் உள்ளன.

உங்கள் ரியாக்டிவ் சாயம் இதற்கு நேர்மாறானது. அதைத் தண்ணீரில் கரையவைப்பவை சல்ஃபோனேட் தொகுதிகள். அவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. எதிர்மின் சாயத்தை எதிர்மின் பாசியின் முன்னால் வைத்தால் இரண்டும் விலகியே நிற்கும். தண்ணீரில் அமிலம் சேர்த்து, பிஎச் என்னும் அமில-கார அளவை 2 வரை இறக்கினால் பாசியின் எதிர்மின்னேற்றம் அடங்கி, சாயம் ஓரளவு ஒட்டத் தொடங்குகிறது. "கடற்பாசி ரியாக்டிவ் சாயத்தையும் நீக்கியது" என்று வரும் கட்டுரைகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அந்த அமிலச் சூழலில்தான் அது நடந்திருக்கும்.

உங்கள் தொட்டித் தண்ணீரோ, சாயம் நூலோடு பிணையப் போடும் சோடா ஆஷ் என்னும் காரத்தால் (சோடியம் கார்பனேட்) பிஎச் 10, 11 என்று நிற்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ நூலுக்கு ஒன்றுக்கு இருபது என்று 2000 லிட்டர் தண்ணீர் வைக்கிறீர்கள், லிட்டருக்கு 15 கிராம் சோடா ஆஷ் போடுகிறீர்கள் என்று கொள்வோம். மொத்தம் 30 கிலோ சோடா ஆஷ். அதைச் சமன்செய்வதற்கு மட்டுமே ஏறத்தாழ 28 கிலோ கந்தக அமிலம் வேண்டும்; அதன் விளைவாகத் தண்ணீரில் புதிதாக 40 கிலோ சோடியம் சல்பேட் சேரும். நிறத்தை எடுக்கப் போய் உப்பைக் கூட்டுகிறோம். அமிலத்தைப் பட்டறையில் கையாளும் ஆபத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாசியின் அளவையும் இதே போல் கணக்கிடலாம். நூலின் எடையில் 2 விழுக்காடு சாயம் என்றால் 2 கிலோ. ரியாக்டிவ் சாயத்தில் நூலோடு பிணையாமல், தண்ணீரோடே வினைபுரிந்து வீணாகி (நீராற்பகுப்பு) வெளியேறுவது 20 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். நடுவாக 30 என்று எடுத்தால் 600 கிராம் சாயம் கழிவில் போகிறது. ஒரு கிராம் பொருள் 200 மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தால் 3 கிலோ போதும். 20 மில்லிகிராம்தான் பிடிக்கும் என்றால் 30 கிலோ வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாளும். உங்கள் தண்ணீரில் பாசி இந்தக் கீழ் எல்லையைக்கூடத் தொடாது என்றே நான் நினைக்கிறேன்.

மாங்கொட்டை, கடலைத்தொலி ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இவை செல்லுலோஸ், லிக்னின் கொண்ட தாவரப் பொருள்கள். இவற்றின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின் தன்மை உடையதே. பச்சையாகப் போட்டால் மாங்கொட்டையின் துவர்ப்புப் பொருள்கள் கரைந்து தண்ணீருக்குப் பழுப்பு நிறத்தைக் கொடுக்கும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதன் மின்னேற்றமும் இதே பக்கம்தான். எரியாமல் மிஞ்சிய கரி அதில் கூடுதலாக இருந்தால் சிறிது நிறத்தை இழுக்கும்.

மூட்டை வாங்குவதற்கு முன் ஒரு கிலோ மட்டும் வரவழைத்து, நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள ஐந்து கண்ணாடி ஜாடிகளில் உங்கள் கழிவுநீரை ஒரு லிட்டர் வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் போடாமல், மற்றவற்றில் 1, 2, 5, 10 கிராம் பாசிப் பொடி போட்டு, இரண்டு மணி நேரம் அவ்வப்போது கலக்கி, வடிகட்டி, வெள்ளைத் தாளின் முன் வைத்து ஒப்பிடுங்கள். இதே சோதனையை வேறொரு பேசிக் சாயத் தண்ணீரிலும் செய்யுங்கள். நான் எழுதியதை நம்புவதைவிட அந்த ஜாடிகளைப் பார்ப்பது உங்களுக்கு உறுதியைத் தரும்.


மறுமொழி: பிரிண்டிங் மாஸ்டர்

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் துணி அச்சுப் பட்டறைகளில் வேலை செய்தவன் நான். மேலே அந்த அம்மா வேதியியலாகச் சொன்னதை எங்கள் தொழிலில் வேறொரு வழியாக நாங்கள் அறிந்திருக்கிறோம். ரியாக்டிவ் சாயத்தை அச்சுக்குக் குழைப்பதற்கு எந்தப் பசையைப் பயன்படுத்துகிறோம்? அல்ஜினேட் பசைதான். கஞ்சி, ஸ்டார்ச் போன்றவற்றைப் போட்டால் சாயம் துணியோடு சேர்வதற்குப் பதிலாகப் பசையோடும் சேர்ந்துகொள்ளும். துணி முரடாகும், நிறம் குன்றும். அல்ஜினேட்டோடு மட்டும் ரியாக்டிவ் சாயம் சேராது. துவைத்தால் பசை தனியே போய்விடும், சாயம் துணியில் நிற்கும். அந்த ஒரு குணத்துக்காகவே உலகம் முழுவதும் ரியாக்டிவ் அச்சுக்கு அதை வாங்குகிறார்கள். அந்த அல்ஜினேட்டை எடுப்பது இதே பழுப்புப் பாசியிலிருந்துதான். சாயம் ஒட்டக்கூடாது என்று நாங்கள் தேடிப்பிடித்த பொருளில் சாயம் ஒட்ட வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாசியிலிருந்து அல்ஜினேட்டைப் பிரிப்பதற்கு ஆலைகளில் சோடா ஆஷ் கரைசலில்தான் அதை ஊறவைத்துக் கரைக்கிறார்கள். உங்கள் கழிவுத் தொட்டியில் இருப்பதும் சோடா ஆஷ் கரைசலே. மூட்டை மூட்டையாகப் பாசியைக் கொட்டினால், உங்கள் தொட்டியே ஓர் அல்ஜினேட் ஆலையாகிவிடும். தண்ணீர் கோந்து போல் ஆகி வடிகட்டவும் முடியாது, காயவும் காயாது.


மறுமொழி: மண்டபம்கரை

அண்ணா, நான் மன்னார் வளைகுடாக் கரையைச் சேர்ந்தவள். என் அம்மாவும் பெரியம்மாவும் பாசி எடுத்து வளர்ந்தவர்கள். நான் இப்போது பாசி காயவைத்து எடை போடும் ஒரு மகளிர் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை செய்யுமா, செய்யாதா என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மூட்டை எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்லிவிடுகிறேன்.

கடலில் இறங்குகிற பெண்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு மூழ்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் பறிப்பதுதான் கட்டக்கோரையும் பக்கோடாவும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும். பறித்ததைக் கரையில் உலர்த்தினால் எடையில் பெரும்பகுதி தண்ணீராகவே போய்விடும். ஒரு மூட்டைக் காய்ந்த பாசி என்பது பல பேருடைய ஒரு நாள் உழைப்பு. இங்கே தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. தீவுகளைச் சுற்றிப் பறிக்கத் தடை உண்டு. கட்டக்கோரை அடர்ந்த இடம் மீன்குஞ்சுகளும் நண்டும் ஒதுங்கி வளரும் இடம் என்பதை எங்கள் மூத்தவர்களும் சொல்வார்கள், விஞ்ஞானிகளும் சொல்வார்கள். ஒரு ஊரின் ஆற்றைக் காப்பாற்றுவதற்காக இன்னோர் ஊரின் கடலடியை மழித்துக் கொண்டுபோய்ச் சாயத் தொட்டியில் கொட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கோபத்தில் இதை எழுதவில்லை. உங்கள் கேள்வியில் இருந்த அக்கறையைப் பார்த்த பிறகே எழுதத் தோன்றியது.

பேசிக் சாயத்துக்கு யாராவது பாசியைப் பயன்படுத்துவதாக இருந்தால், அல்ஜினேட்டும் அகரும் எடுத்த பிறகு ஆலைகளில் மிஞ்சும் சக்கையையும், புயலுக்குப் பின் தானாகக் கரை ஒதுங்கிக் கிடக்கும் பாசியையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சக்கையில் அல்ஜினேட் குறைந்திருக்கும், பிடிக்கும் திறனும் குறையலாம். ஆனால் அது ஏற்கெனவே கழிவு. கரை ஒதுங்கியதில் மணலும் உப்பும் மிகுதி, நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பொடிக்க வேண்டும்.


மறுமொழி: குசஸ்தலைக்கரை

உங்கள் மூவருக்கும் என் நன்றி. மண்டபத்துத் தங்கை எழுதியதைப் படித்த பிறகு வியாபாரியிடம் மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் மாதிரிக்கு அனுப்பிய சிறு பையை மட்டும் வைத்துச் சோதித்தேன்.

எங்கள் ரியாக்டிவ் தண்ணீரில், சிவப்பு ஓடிய நாள் அன்று, ஐந்து ஜாடி வைத்தேன். மாஸ்டர் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. 10 கிராம் போட்ட ஜாடியில் மறுநாள் காலையில் தண்ணீர் விளக்கெண்ணெய் போலக் கனத்து நின்றது. வேட்டித் துணியில் வடிகட்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. சிவப்பு குறைந்ததாகவே தெரியவில்லை. பாசியின் பழுப்பும் சேர்ந்து, பாசியே போடாத ஜாடியைவிட இருண்டு காணப்பட்டது.

எங்கள் தெருவில் கோரைப்புல்லுக்குப் பேசிக் சாயம் ஏற்றிப் பாய் நெய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ரோஸ் நிறத் தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கி வந்து, அதிலும் அலசிய பாசிப் பொடி 5 கிராம் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் நிறம் பாதிக்கும் கீழே இறங்கியது. விடிந்து பார்த்தபோது, அடியில் பாசி கருஞ்சிவப்பாகப் படிந்திருக்க, மேலே தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்திருந்தது. ஒரே பாசி, ஒரே மேசை. மின்னேற்றம் என்று எழுத்தில் படித்தது அந்த இரண்டு ஜாடிகளிலும் கண்ணுக்கு முன்னால் நின்றது.

என் பட்டறைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. எதிர்மின் சாயத்துக்கு நேர்மின் தன்மை உள்ள மலிவான பொருள் எதுவும் இல்லையா? நெல்லூர்ப் பக்கம் இறால் ஓடு மலை மலையாகக் கிடக்கிறது, அதிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் சாயத்தைப் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார். பிளீச்சிங் பவுடரைப் போட்டால் நிறம் போய்விடுகிறது, அதோடு விட்டுவிடுங்கள் என்று இன்னொருவர் சொல்கிறார்.


மறுமொழி: ஆய்வகமேசை

அது கைட்டோசான். இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டினிலிருந்து பெறப்படுகிறது. அதில் உள்ள அமினோ தொகுதிகள் இலேசான அமிலச் சூழலில் நேர்மின்னேற்றம் ஏற்கின்றன. ஆகவே ரியாக்டிவ் சாயத்தை அது உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கிறது. நீங்கள் தேடும் குணம் கடலிலிருந்து வரும் பொருள்களில் பாசியிடம் இல்லை, இறால் ஓட்டிடம் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஓட்டை அப்படியே பொடித்துப் போட்டால் அது கைட்டோசான் ஆகாது. முதலில் அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டும், பிறகு நீர்த்த காஸ்டிக் சோடாவில் புரதத்தை நீக்க வேண்டும், அதன் பிறகு 40, 50 விழுக்காடு செறிவுள்ள சூடான காஸ்டிக்கில் வேகவைக்க வேண்டும். இந்த மூன்றாம் கட்டம் பட்டறையில் செய்யத் தக்கதே அன்று. அந்த வேலையிலிருந்து வெளியேறும் காரக் கழிவு இன்னொரு சுமை. தயாராக விற்கப்படும் கைட்டோசான் மலிவில்லை. கழிவைச் சமன்செய்து, பெரும்பாலான நிறத்தை வேறு வழியில் எடுத்துவிட்டு, மிஞ்சிய சிறு நிறத்துக்குக் கடைசியாகப் பயன்படுத்தினால் கட்டுப்படியாகலாம். அமிலம் கூடினால் அது தானே கரைந்துவிடும் என்பதால் பிஎச் 5, 6 என்ற அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடரை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். அது சாய மூலக்கூறின் நிறம் தரும் பிணைப்பை உடைக்கிறது. மூலக்கூறின் துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கின்றன, அவற்றில் சில குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களாக மாறுகின்றன. நிறத்தோடு போகும் தண்ணீரை ஊரார் பார்த்து விலகுவார்கள், ஆட்டைக் குடிக்கவிட மாட்டார்கள். நிறமில்லாமல் போகும் அந்தத் தண்ணீருக்கு அந்த எச்சரிக்கையும் இருக்காது.


மறுமொழி: சேற்றுத்தொட்டி

ஐயா, திருப்பூர்ப் பக்கத்தில் சாயக்கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதுவரை எல்லோரும் நிறத்தைப் பற்றிப் பேசினோம். உங்கள் தண்ணீரில் நிறத்தைவிடப் பெரிய சரக்கு உப்பு. சாயம் நூலில் ஏறுவதற்காகப் போடும் குளோபர் சால்ட் (சோடியம் சல்பேட்) லிட்டருக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், 2000 லிட்டர் சாயத் தொட்டியில் 100 கிலோ உப்பு. நூல் 100 கிலோ, உப்பும் 100 கிலோ. நூலில் இந்த உப்பில் ஒரு கைப்பிடி கூடத் தங்குவதில்லை. முழுவதும் கழிவில் வருகிறது. பாசியோ, உமிச் சாம்பலோ, கைட்டோசானோ, படிகாரமோ எதுவும் இந்த உப்பைத் தொடாது. 2016இல் மத்திய அரசு நெசவுத் தொழிலுக்கு வகுத்த அளவின்படி, வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நிறம் 150 அலகுக்கு மேல் கூடாது. உங்கள் முதல் தொட்டித் தண்ணீரில் இருப்பது 50,000 மில்லிகிராம். அலசல் தண்ணீர் அத்தனையையும் சேர்த்து 12,000 லிட்டர் என்று கொண்டாலும், லிட்டருக்கு 8000 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும்.

நிறம் போனவுடன் வேலை முடிந்தது என்று நினைத்து ஆற்றில் விடுவதற்கு என்ன விலை என்பதை நாங்கள் நொய்யல் ஆற்றில் பார்த்தோம். பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் உப்பும் சாயமும் தேங்கி, எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல், சவ்வு வழியாகத் தண்ணீரையும், மிஞ்சும் உவர்நீரைக் கொதிக்கவைத்து உப்பையும் மீட்டெடுக்கும் முறைக்கு அந்த ஊர் போனது அதன் பிறகுதான். ஒரு சிறு பட்டறை அதைத் தனியாகச் செய்ய முடியாது. பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் ஒரு பொதுநிலையம் கேட்க முடியும். அதற்கான பேச்சை இப்போதே தொடங்குங்கள்.

அதுவரை உங்கள் கையிலேயே உள்ள ஒரு வேலை, தண்ணீரைப் பிரிப்பது. சாயம் போட்டு முடித்த முதல் தொட்டித் தண்ணீரையும், முதல் அலசலையும் ஒரு குழாயிலும், சோப்பிங்குக்கு (சோப்புத் தண்ணீரில் கழுவுவது) பிறகு வரும் பின் அலசல்களை இன்னொரு குழாயிலும் விடுங்கள். உப்பின் பெரும்பங்கு முதல் குழாயில் போய்விடும். பின் அலசல் தண்ணீரில் உப்பு குறைவு, நிறம் குறைவு. அதை அடுத்த நாள் முதல் அலசலுக்குத் திரும்பப் பயன்படுத்தலாம். இப்போது எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலப்பதால்தான் 2000 லிட்டர் நோய் 12,000 லிட்டருக்குப் பரவுகிறது.

வெயிலில் காயவைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நல்ல கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். நாள்தோறும் வரும் முதல் தொட்டித் தண்ணீர் 2000 லிட்டருக்கு மட்டுமே 400 சதுர மீட்டர் தொட்டிப் பரப்பு வேண்டும். உப்பு ஏற ஏற ஆவியாகும் வேகம் இன்னும் குறையும் என்பதால் அதற்கும் கூடுதலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 12,000 லிட்டருக்கு இதைக் கட்ட உங்களிடம் நிலம் இருக்காது. மழைக்காலத்தில் தொட்டிக்கு மேல் கூரை இல்லையென்றால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. தொட்டியை நிரப்புவது உங்கள் கழிவைவிட வானத்துத் தண்ணீர்தான். சரிந்த கூரையைத் தகரத்தில் போட்டு, காற்றுப் போக நான்கு பக்கமும் திறந்துவிட்டு, மழைநீரைத் தனி வாய்க்காலில் விலக்கிவிடுங்கள்.

நிறத்துக்கு எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் பயன்பட்டது அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சுண்ணாம்பும். வாட் சாயத்துக்கு இது மிக எளிது. வாட் சாயத்தைக் கரைக்கப் போடும் ஹைட்ரோஸின் (சோடியம் டைதயோனைட்) வேகம் அடங்கிக் காற்றுப் பட்டவுடன் வாட் சாயம் தானே கரையாத துகளாகிவிடும், அன்னபேதி அதைத் திரட்டி அடியில் உட்காரவைக்கும். ரியாக்டிவ் சாயத்திலும் கணிசமான பகுதி இறங்கும், முழுவதும் இறங்காது. எவ்வளவு போட வேண்டும் என்பதை நீங்கள் செய்த அதே ஜாடிச் சோதனையால் உங்கள் தண்ணீருக்கென்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் சேறு நிறைய வரும். அந்தச் சேறு சட்டப்படி அபாயகரக் கழிவு. வயலிலோ ஏரிக்கரையிலோ கொட்டக் கூடாது, கூரையுள்ள இடத்தில் சாக்கில் கட்டிவைத்து, அனுமதி பெற்ற கிடங்குக்கோ சிமெண்டு ஆலை உலைக்கோ அனுப்ப வேண்டும்.

கடைசி நிறத்துக்குக் கரி வைப்பதானால், தேங்காய்ச் சிரட்டைக் கரிதான் உயர்ந்தது என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. ரியாக்டிவ் சாயத்தின் பெரிய மூலக்கூறு அவற்றுக்குள் எளிதில் நுழையாது. மரக்கரி, நிலக்கரி வகையில் அகலமான துளை கொண்டவை சாயத்துக்குப் பொருத்தம்.


மறுமொழி: பிரிண்டிங் மாஸ்டர்

உப்பைக் குறைப்பதற்குத் தொட்டியிலேயே ஒரு வழி இருக்கிறது, தம்பி. ஒன்றுக்கு இருபது என்று தண்ணீர் வைப்பதை ஒன்றுக்குப் பத்து என்று குறைக்க உங்கள் தொட்டியின் வடிவம் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். லிட்டருக்கு இவ்வளவு என்றுதான் உப்புப் போடுகிறோம்; தண்ணீர் பாதியானால் உப்பும் சோடாவும் பாதியாகும், சாயமும் நூலில் கூடுதலாக ஏறும். இரட்டை வினைத்தொகுதி உள்ள ரியாக்டிவ் சாயங்கள் விலை கூடுதல் என்றாலும், நூலில் பிணையும் பங்கு அதிகம். கழிவில் போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சாயம் என்பதால், அந்த விலை வேறுபாட்டில் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும்.


மறுமொழி: குசஸ்தலைக்கரை

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி சொல்லச் சொல் போதவில்லை. தொட்டியைப் பார்த்தேன், சிட்டங்களைத் திருப்பும் கம்பியைத் தாழ்த்திப் பொருத்தினால் ஒன்றுக்குப் பன்னிரண்டு வரை இறக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டாவது குழாய்க்குக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. தகரக் கூரையை ஐப்பசி பிறப்பதற்குள் போட்டுவிட வேண்டும் என்று தம்பியும் நானும் முடிவுசெய்திருக்கிறோம். அன்னபேதிச் சோதனையை வரும் வாரம் செய்து, எந்த நிறத்துக்கு எவ்வளவு பிடித்தது என்று இங்கேயே எழுதுகிறேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நான்கு பேரிடம் பொதுநிலையத்தைப் பற்றிப் பேசினேன். இருவர் உட்கார்ந்து கேட்டார்கள், இருவர் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மீண்டும் போவேன்.

மிஞ்சிய பாசிப் பொடியைப் பாய் நெய்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய கழிவு நாளொன்றுக்கு நான்கைந்து குடம்தான். ஜாடியைப் பார்த்த பிறகு அவருக்கு மிகுந்த ஆர்வம். சாயம் குடித்த பாசியை வெண்டைச் செடிக்கு உரமாகப் போடலாமா என்று கேட்கிறார். கடற்பாசி உரம் என்று கடையில் விற்கிறார்களே என்பது அவர் வாதம்.


மறுமொழி: ஆய்வகமேசை

போட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள், ஐயா. பாசி அந்தச் சாயத்தை அழிக்கவில்லை, பிடித்து மட்டும் வைத்திருக்கிறது. மண்ணின் உப்பும் அமிலமும் பட்டால் அது மெல்லக் கழன்று வெண்டைக்காய் வேருக்கே போகும். பாய்ச் சாயத்தில் பயன்படும் ரோஸும் பச்சையும் உணவில் கலக்கத் தடைசெய்யப்பட்டவை. வடிகட்டிய பாசியை நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டிரம்மில் தனியாகச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். அடுப்பிலும் எரிக்கக் கூடாது. அதில் உள்ள குளோரைடும் சாயமும் புகையாக வீட்டுக்குள் வரும். உங்கள் அன்னபேதிச் சேற்றை ஏற்றிச் செல்ல வண்டி வரும் நாளில் அவருடைய டிரம்மையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள்.